‘புத்தி சரியில்லை’ என்று சொல்லாமல் நடத்திய ஓர் உயில் வழக்கு

உயில் கேஸ் கைக்கு வந்ததும் இளம் வக்கீலுங்க நீங்க எல்லாரும் பண்ற முதல் காரியம் எனக்குத் தெரியும். போனை எடுத்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாத் தேடுவீங்க. தேடுங்க, வேணாங்கல. ஆனா புதுக்கோட்டை சப் கோர்ட்டுக் கூண்டுல ஏறி நிக்கப் போறது சுப்ரீம் கோர்ட் இல்ல. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துல முதல் பஸ்ஸப் புடிச்சு, வெளுத்த வேட்டியக் கட்டிக்கிட்டு, காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம வந்து நிக்கிற ஒரு மனுசன். அவரைப் படிக்கத் தெரியலைன்னா நீங்க எத்தனை தீர்ப்பை அடுக்கினாலும் கேஸ் நிக்காது. நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு அலைஞ்ச காலத்துல கத்துக்கிட்டது நெறைய. அதுல அடிச்சுச் சொல்லக்கூடியது இது.

கோட்டைக் கழட்டி வச்சுட்டேன். கண்ணு சரியாத் தெரியல, அதான் காரணம். மூளை நல்லாத்தான் இருக்கு. சந்தேகம் இருந்தா உங்கள்ல யாராவது எந்திரிச்சு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணிப் பாருங்க.

ஓய்வு பெறுறதுக்குக் கொஞ்சம் முன்னால நடத்தின கேஸ் ஒண்ணச் சொல்றேன். பேரையெல்லாம் மாத்தியிருக்கேன்.

வளர்மதின்னு ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தாங்க. புருசன் துபாய்ல வேலை. கூட ஒரு பொண்ணு, காலேஜ் படிக்குது. தன்னோட அம்மா தவறின பிறகு அப்பாவைத் தனியா விட முடியாதுன்னு, அவரு வீட்டுக்கே வந்து இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவங்க. குளிப்பாட்டினது, ஊட்டி விட்டது எல்லாம் அவங்கதான். ஒரே அண்ணன் பழனிவேல், புதுக்கோட்டை டவுன்ல ஹார்டுவேர் கடை. வீடும் முந்திரிக்காடும் அப்பா தன் சொந்த உழைப்புல வாங்கினது. அதனால அவரு யாருக்கு வேணும்னாலும் எழுதி வைக்கலாம். அதுல தகராறு இல்ல.

அப்பாவுக்குக் கருமாதி முடிஞ்சு, பந்தல் பிரிக்கிறதுக்குள்ள அண்ணன் ஒரு உயிலை எடுத்து வச்சாரு. பத்திர ஆபீஸ்ல பதிவு பண்ணின உயில். சொத்து முழுக்க மகனுக்கு. மகளுக்குக் கல்யாணத்துலயே சீர் செஞ்சாச்சு, அதனால அவளுக்கு ஒண்ணும் கெடையாது. இதான் சாரம். உயில் எழுதின அன்னிக்கு அப்பாவுக்கு மறதி நோய் முத்திப் போயிருந்துச்சு. டிமென்ஷியான்னு தஞ்சாவூர் டாக்டர் எழுதின சீட்டு வளர்மதி கையில இருந்துச்சு.

"அப்ப சுலபம்மா, புத்தி சுவாதீனம் இல்லாதவர் எழுதின உயில் செல்லாதுன்னு போட்டுருவோம்"னேன். அவ்வளவுதான், அந்தம்மா பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க.

"எங்கப்பாவைப் பைத்தியம்னு கோர்ட்ல சொல்றதா இருந்தா எனக்குக் கேஸே வேணாங்கம்மா. ஊர்ல நாலு பேருக்கு ஞாயம் சொன்ன மனுசன். அவரு ஞாபகந்தான் போச்சு. புத்தி போகல."

எனக்குச் சுள்ளுனு வந்துச்சு. ரெண்டும் வேற வேறயான்னு சட்டம் கேக்காதும்மான்னு சொல்ல வாயெடுத்தேன். சரி, ஒக்காருங்க, பெறகு ஒங்களுக்கு என்னதான் வேணும்னு கேட்டேன்.

"நெலம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எங்கப்பா தெரிஞ்சுதான் என்னை வேணாம்னு எழுதினாரா? அது எனக்குத் தெரியணும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்கலங்க" அப்படின்னாங்க. அழல. கையில இருந்த பையோட வாரைத் திருகிக்கிட்டே இருந்தாங்க.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன். நம்ம பக்கத்துல ஒரு பெரிய மனுசனைப் புத்தி பேதலிச்சவர்னு கோர்ட் காகிதத்துல ஏத்தினா அது அவரோட போகாது. அந்த வீட்டுல பொண்ணு எடுக்க வர்றவன் அதைத்தான் மொதல்ல விசாரிப்பான். அதனால குடும்பத்துல யாரைக் கூண்டுல ஏத்தி 'அவருக்கு மனநிலை சரியில்லாம இருந்ததா'ன்னு கேட்டாலும், இல்லவே இல்லைம்பாங்க. பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல. குடும்ப மானத்தைக் காப்பாத்துறாங்க. நீங்க கேட்ட கேள்விதான் தப்பு. இதைப் புரிஞ்சுக்காம ஜெயிக்க வேண்டிய கேஸைத் தோத்தவங்களை நான் வரிசையாப் பாத்திருக்கேன்.

வழக்குரையில அந்தச் சொல்லே வராம எழுதினேன். மறதி நோயினால உயிலோட தன்மையைப் புரிஞ்சுக்கிற நிலையில அவர் இல்லை, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பிரிச்சுக் கொடுக்கணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.

பெறகு வளர்மதியை ஒக்கார வச்சு, அப்பா கடைசிக் காலத்துல எப்படி இருந்தாரு, என்ன பேசுவாருன்னு கேட்டேன். கேஸுக்காகக் கேக்கல, சும்மா பேச்சு குடுத்தேன். அந்தம்மா சொன்னது இது. யாரு வந்தாலும் அப்பா "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா, மழை உண்டா ஒங்க பக்கம்"னு கேப்பாரு. வந்தவங்களுக்குத் தங்களை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாருன்னு ஒரே சந்தோசம். அவங்க வாசலத் தாண்டினதும் "யாரு இது"ன்னு மகளைக் கேப்பாரு. அப்புறம் தன் தங்கச்சியக் கேப்பாரு. அந்தம்மா எறந்து போனவங்க. "அத்தை தவறிருச்சேப்பா"ன்னு வளர்மதி சொன்னா, அப்பத்தான் சேதி கேட்ட மாதிரி விம்மி விம்மி அழுவாராம். அடுத்த நாள் திரும்பவும் கேப்பாரு, திரும்பவும் அழுவாரு. "பொறுக்க முடியலங்கம்மா, அதுக்கப்புறம் அத்தை கறம்பக்குடி சந்தைக்குப் போயிருக்குன்னு சொல்லிருவேன்"னாங்க.

உயில் பதிவான அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அண்ணன் கார்ல கூட்டிட்டுப் போனாரு, சாயங்காலம் கொண்டாந்து விட்டாரு. அவ்வளவுதான்.

விசாரணை ஆரம்பிச்சுச்சு. எங்க கையில தஞ்சாவூர் டாக்டர் சீட்டு. அவங்க கையில, நல்ல நினைவோட இருக்காருன்னு உயில் எழுதின வாரத்துல இன்னொரு டாக்டர் கொடுத்த சர்டிபிகேட். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுருச்சு. டாக்டர் சர்டிபிகேட்டை நம்பிக் கேஸ் நடத்துறவங்களுக்கு இப்படித்தான் ஆகும்.

பெறகு அவங்க ஒரு வீடியோ போட்டாங்க. பத்திர ஆபீஸ்ல பழனிவேல் போன்ல எடுத்த ஒரு சின்னத் துண்டு. பெரியவர் சட்டை வேட்டி எல்லாம் சுத்தமா, நெத்தியில விபூதியோட ஒக்காந்திருக்காரு. அங்கிட்டு வர்றவங்களை எல்லாம் சிரிச்ச மொகமா வாங்க வாங்கங்கிறாரு. உயிலை வாசிச்சுக் காட்டி, சம்மதந்தானேன்னு கேக்குறாங்க. "சரிங்க, சரிங்க" அப்படின்னு தலையாட்டுறாரு. ஜட்ஜ் அய்யா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ரெண்டு தடவை பாத்தாரு. கோர்ட்ல இருந்த வக்கீலுங்க எல்லாம் என்னைப் பாத்த பார்வையில, பாவம், வயசு காலத்துல தோக்கப் போறாங்கன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு.

நான் அசரல. மரியாதை வேற, ஞாபகம் வேற. அறுபது எழுபது வருசமா வாயில ஊறிப்போன 'வாங்க, சாப்பிட்டீங்களா' எல்லாத்துக்கும் கடைசியாத்தான் போகும். வளர்மதி சொன்னதை வச்சுப் பாத்தா அந்த வீடியோ எங்க பக்கத்துச் சாட்சி. ஆனா அதை ஜட்ஜுக்குக் காட்டிக் குடுக்க எனக்கு ஒரு வாய் வேணும். அன்னிக்கு அந்த எடத்துல இருந்த வாய்.

அந்த வாய் அவங்க பக்கத்துலயே இருந்துச்சு. கருப்பையா. உயில்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவரு. செத்துப்போன பெரியவரோட தங்கச்சி புருசன், அதாவது வளர்மதிக்கும் பழனிவேலுக்கும் மாமா. ஊர்ல அவரு சொல்லுக்கு மறுசொல் கெடையாது. அவரை முதல் விசாரணை பண்ணின எதிர்த்தரப்பு வக்கீல் என் சிநேகிதர்தான், கெட்டிக்காரர். நேரா மானத்துல கை வச்சாரு.

"ஒங்க மச்சானுக்குப் புத்தி சரியில்லாம இருந்துச்சா?"

"யாரு சொன்னா? அப்படியெல்லாம் எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க."

"அன்னிக்கு ஒங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"

"எங்க மச்சானுக்கு என்னைத் தெரியாதாங்க? பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டு வா மாப்ளன்னாரு. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டாரு."

வக்கீல் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஒக்காந்தாரு. இனி என் முறை.

உங்கள்ல யாரா இருந்தாலும் அந்த நேரத்துல தஞ்சாவூர் சீட்டைத் தூக்கிக்கிட்டுப் பாஞ்சிருப்பீங்க. 'அவருக்கு மறதி நோய் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரிஞ்சும் மறைக்கிறீங்களா, எவ்வளவு வாங்கினீங்க' அப்படின்னு. கருப்பையா மாதிரி ஆளு அந்த மாதிரிக் கேள்விக்கு இரும்பாயிருவாரு. நான் அவரு பேசினதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அந்த மனுசன் ஒரு பொய்கூடச் சொல்லல. சத்தியம் பண்ணினதை மதிக்கிற ஆளு. மகன்தான் சொத்துக்கு உரியவன்னு நெனைக்கிற பழைய ஆளு, அது வேற விசயம். மருமகன் வந்து 'மாமா, ஒரு கையெழுத்து'ன்னு கூப்பிட்டா தட்ட முடியாது, வந்துட்டாரு. எதிராளி கொண்டு வர்ற நேர்மையான சாட்சியைப் பாத்துப் பயப்படாதீங்க. அவரை ஒங்க சாட்சியா நெனச்சு மரியாதையாப் பேசுங்க.

ஆனா எனக்கும் ஒரு சிக்கல் இருந்துச்சு. விடை தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில கேக்காதேன்னு என் சீனியர் தலையில தட்டிச் சொல்லிக் குடுத்திருக்காரு. நான் கேக்கப்போற கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது.

"அய்யா, காலையில சாப்பிட்டீங்களா?"ன்னு ஆரம்பிச்சேன்.

"இல்லைங்க. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

ஜட்ஜ் அய்யாகிட்டக் கேட்டு அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன். ஒக்காந்தாரு.

"மச்சான் பாத்ததும் வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டாருன்னு சொன்னீங்க. யாரை யாரைக் கேட்டாருங்கய்யா?"

கருப்பையா தோள் துண்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"தங்கச்சியத்தான் கேட்டாருங்க. என் சம்சாரத்தை."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"தவறிருச்சுங்க. உயிலுக்கு முந்துன வருசமே."

"பொறந்த வீட்டுக் கோடித்துணி யாரு கொண்டாந்து போத்துனது?"

"மச்சான்தாங்க. அவரு கையாலதான் போத்துனாரு."

"அன்னிக்குத் தங்கச்சி சௌக்கியமான்னு அவரு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது தாயி. செத்துப்போச்சு, நீங்கதான் கோடி போத்துனீங்கன்னு அந்த எடத்துல வச்சுச் சொல்ல முடியுமா? மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. சௌக்கியமா இருக்கு மச்சான்னு சொன்னேன்."

என் சிநேகிதர் எந்திரிச்சுட்டாரு. வயசானவங்க எறந்தவங்களை விசாரிக்கிறது சகஜம், அதுக்கும் உயிலுக்கும் சம்பந்தம் இல்லைன்னாரு. அவரு சொன்னதுல ஞாயம் இருந்துச்சு. தங்கச்சி செத்தது மறந்து போனவன்கூடத் தன் சொத்து எது, தன் புள்ளைங்க யாரு, யாருக்கு என்ன குடுக்குறோம்னு தெரிஞ்சு உயில் எழுதலாம். சட்டம் அதைத்தான் பாக்கும். கதவு பாதிதான் தொறந்திருந்துச்சு.

அடுத்த கேள்வி மகளைப் பத்தி. 'மகளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே, மகன் பேருக்கே எழுதுங்கன்னு சொன்னாருங்க' அப்படின்னு கருப்பையா சொல்லிட்டா கேஸ் அங்கேயே செத்துச்சு. கேஸ் போனாக்கூடத் தேவலை. பின் வரிசை பெஞ்சுல வளர்மதி ஒக்காந்திருக்காங்க. அந்தப் பதிலை அவங்க காது பட நான் வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும். இதோட நிறுத்திக்கிட்டு, வாதத்துல ஒப்பேத்திக்கலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். அப்புறம் நெனச்சேன், அந்தம்மா என்கிட்ட வந்ததே இதைத் தெரிஞ்சுக்கத்தானே. எது வந்தாலும் அவங்களுக்குப் பதில் கெடைக்கட்டும்.

"அய்யா, மகளைப் பத்தி மச்சான் அன்னிக்கு ஏதாச்சும் பேசினாருங்களா?"

"பேசினாருங்க. அதையேதான் பேசிக்கிட்டிருந்தாரு."

"என்ன பேசினாரு?"

"ஆத்தாவப் பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடணும் மாப்ள, மணியாச்சு, வாசல்ல தனியா நிக்கும், சீக்கிரம் விடச் சொல்லுன்னு. எந்திரிச்சு எந்திரிச்சுப் போகப் பாத்தாரு."

"ஆத்தாங்கிறது யாருங்க?"

"இந்தா ஒக்காந்திருக்கே, வளர்மதி. அவரு அப்படித்தான் கூப்பிடுவாரு."

"பெறகு எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?"

கருப்பையா பழனிவேலைப் பாக்கல, என்னையும் பாக்கல. ஜட்ஜைப் பாத்துச் சொன்னாரு.

"தம்பி பழனிவேல், 'இதுல ஒரு கையெழுத்தப் போடுங்கப்பா, போட்டதும் போயித் தங்கச்சியக் கூட்டியாந்துருவோம்'னுச்சு. ஒடனே பேனாவ வாங்கிப் போட்டுட்டாருங்க."

நான் ஒக்காந்துட்டேன். கல்யாணம் பண்ணிக் குடுத்து சீர் செஞ்சாச்சுன்னு உயில் சொல்லுது. அந்த மகள் பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறான்னு நெனச்ச தகப்பன் அதுல கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டாலும் அது என் திமிருக்குக் கேக்குறதுதான். ஜட்ஜ் அய்யா அந்தப் பதிலை நல்ல தமிழ்ல மாத்தி மெல்லச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிச்சாங்க. என் சிநேகிதர், தன் சாட்சியைத் திரும்பக் கேக்க ஒண்ணும் இல்லை, மறுவிசாரணை வேணாம்னுட்டாரு.

தீர்ப்பு எங்க பக்கம் வந்துச்சு. உயில் நிரூபிக்கப்படல, ரெண்டு பேருக்கும் சரிபாதி. பழனிவேல் அப்பீல் போகல. வழக்கு முழுக்க எந்த எடத்துலயும் அந்தப் பெரியவரை நாங்க ஒரு வார்த்தை தரக்குறைவாச் சொல்லல, தீர்ப்புலயும் அப்படி ஒரு வார்த்தை இல்ல. அதுல எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கு.

ஆனா தீர்ப்பைச் சொல்ல நான் இங்க வரல. குறுக்கு விசாரணை முடிஞ்ச அன்னிக்கு, கோர்ட்டுக்கு வெளிய நடந்ததைச் சொல்லணும்.

கருப்பையா வராந்தா பெஞ்சுல தலையக் குனிஞ்சு ஒக்காந்திருந்தாரு. மருமகனைக் காட்டிக் குடுத்துட்டோமேன்னு ஒரு பக்கம், அந்தக் கையெழுத்துக்கு நாமளும் சாட்சி போட்டோமேன்னு ஒரு பக்கம். பழனிவேல் தள்ளி, மரத்தடியில போன்ல பேசுற மாதிரி நின்னுக்கிட்டிருந்தாரு. வளர்மதி நேரா மாமாகிட்டப் போயி ஒக்காந்தாங்க. சண்டை போடப் போறாங்கன்னு நெனச்சு நானும் பின்னாலயே போனேன்.

"பெறகு பள்ளிக்கூடத்துக்குப் போனீங்களா மாமா?"ன்னு கேட்டாங்க.

"போனோம்த்தா. ஒங்கண்ணன் வேணாம்னுச்சு. அப்பா ஓடுற வண்டியில கதவத் தொறக்கப் பாத்தாரு. அதனால போனோம். பள்ளிக்கூட வாசல்ல நின்னு, வர்ற புள்ளைய எல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே நின்னாரு. எல்லாம் போன பெறகும் வரமாட்டேன்னுட்டாரு. நாந்தான், ஆத்தா முந்தியே பஸ்ல வீட்டுக்குப் போயிருச்சு மச்சான்னு சொல்லி வண்டியில ஏத்துனேன்."

வளர்மதி அதுவரைக்கும் என் ஆபீஸ்லயோ கோர்ட்லயோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா. அன்னிக்கு உதடு கோணி, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

"வண்டிய விட்டு எறங்குனதும் என்னையப் பாத்து, வந்துட்டியாத்தான்னு கேட்டாரு மாமா. எனக்கு அன்னிக்கு வேலை தலைக்கு மேல. நான் எங்க போனேன், நாள் பூரா இங்கதானே கெடக்கேன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். வந்துட்டேன்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

கருப்பையா தோள் துண்டை எடுத்து அவங்க கையில குடுத்தாரு.

"நீ சொன்னா என்ன, சொல்லாட்டி என்னத்தா. ஒன்னையக் கண்ணால பாத்துட்டாருல்ல"ன்னாரு.